மிஞ்சின இடியப்பத்தை வீசாதீர்கள்

இரவு மிஞ்சும் இடியப்பம் விடியும்போது விறைத்துப் போயிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அதை ஒருநாளும் கொட்டுவதில்லை. கையால் தண்ணீர் தெளித்து 5 நிமிடம் மூடி வைத்தால், விரலாலேயே உதிர்க்கலாம். தாச்சியில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை போட்டு வதக்குங்கள். வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, இடியப்பத்தைச் சேருங்கள். மிச்சக் கறிக்குழம்பு இருந்தால் 2 கரண்டி போதும், கூடினால் குழைந்துவிடும். குழம்பு வற்றி, அடியில் இலேசாக மொறுகும் வாசம் வந்ததும் இறக்கினால் அருமையான இடியப்பக் கொத்து. பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று: கொழும்பு வெக்கையில் உணவை 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மிஞ்சும் என்று தெரிந்தவுடனேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் சொதிதான் முதலில் புளிக்கும், அதில் கூடுதல் கவனம் தேவை.

சரி, பழைய பாண்? வெயிலில் நன்றாகக் காயவைத்து இடித்துப் போத்தலில் போட்டால், கட்லட்டுக்குத் தூள் வாங்கத் தேவையில்லை. பூஞ்சணம் பிடித்த பாணை மட்டும் முழுதாக எறிந்துவிடுங்கள்.