நின்று போன காரில் பொறி எங்கே தொலைந்தது? இக்னிஷன் பழுதை நீங்களே தேடும் முறை

செட்டிநாட்டில் பல கார்கள் வருஷத்தில் பத்து மாதம் ஷெட்டில்தான் நிற்கின்றன. பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ ஊருக்கு வந்து உறையை உருவி சாவியைத் திருப்பினால், செல்ஃப் அடிக்கும், வண்டி எடுக்காது. இல்லையென்றால் எடுத்துவிட்டு மூன்று காலில் நொண்டும். உடனே "பிளக்கை மாத்து, காயிலை மாத்து" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். காரைக்குடி கடைக்கு ஓடும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டரியில் கிளம்பும் கரண்ட், வோல்ட்டை ஏற்றும் காயில் வழியாகப் போய், பிளக் முனையில் பொறியாக விழும் வரை ஒரே பாதை. அந்தப் பாதையில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு சாமான்தான்.

இது பெட்ரோல் காருக்கு மட்டும். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், பிளக் பானா (பழைய பிளக்குக்கு 21 மி.மீ., புதிய கார்களில் பெரும்பாலும் 16 அல்லது 14 மி.மீ.), நீள எக்ஸ்டென்ஷன், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), ஸ்பார்க் டெஸ்டர் (பொறி வருகிறதா என்று காட்டும் கருவி), டார்ச், காய்ந்த துணி. ஊசி போட்ட காராக இருந்தால், அதாவது கார்புரேட்டர் இல்லாத கார் என்றால், காரின் கம்ப்யூட்டர் குறித்துவைத்த பழுதுக் குறியீட்டைப் படித்துச் சொல்லும், போனோடு சேரும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்று. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே. இக்னிஷன் கரண்ட் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

முதல் வேலை: பாட்டரி

அலுப்பான வேலை. ஆனால் இதை விட்டுவிட்டு காயிலைப் பிடித்தால் அன்றைய நாள் போச்சு. வண்டி ஓடாதபோது பாட்டரி முனைகளில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள். பிறகு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. செல்ஃப் சுற்றினாலும் கம்ப்யூட்டருக்கும் காயிலுக்கும் போதிய வோல்ட் போகாமல் பொறி வராமல் இருக்கும். ஏமாற்றும் இடம் இதுதான்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, நன்றாக முறுக்குங்கள். நெகட்டிவ் வயர் பாடியிலும் இன்ஜினிலும் சேரும் எர்த் போல்ட்டையும் பாருங்கள். அங்கே துருப்பிடித்த வண்டி மழைக்காலத்தில் மட்டும் தகராறு செய்யும்.

இரண்டாவது: எலி

ஆள் இல்லாத வீடு, மச்சில் நெல், ஷெட்டில் சாக்கு. எலிக்கு இதைவிட என்ன வேண்டும்? பானட்டைத் திறந்ததும் டார்ச் அடித்து வயரிங் கட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கடி விரலுக்குத் தெரியும். பிளாஸ்டிக் உறை நன்றாக இருந்தும் அடிப்பக்கம் மட்டும் கொறித்திருக்கும். அங்கே செம்பு கருத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, அதே தடிமனில் வயர் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழல் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த ஐப்பசிக்குள் அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

ஃபியூஸ் பெட்டியில் இக்னிஷன் ஃபியூஸையும் மெயின் ரிலேயையும் பார்த்துவிடுங்கள். டாஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டு, வண்டியைப் பூட்டியிருக்கிறது. மாற்றுச் சாவியால் முயலுங்கள். காயில் மேல் குற்றமில்லை. இன்னொன்று: சாவியைப் பூட்டில் லேசாக ஆட்டினால் மட்டும் வண்டி எடுக்கிறது என்றால், பூட்டுக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் தேய்ந்துவிட்டது. முகப்புக் கதவுச் சாவி, பெட்டகச் சாவி எல்லாவற்றையும் கார் சாவியோடு ஒரே வளையத்தில் கோர்த்துத் தொங்கவிடும் வழக்கம் இந்தப் பூட்டைத்தான் கொல்கிறது.

மூன்றாவது: பொறி வருகிறதா?

ஃபியூயல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சக்கூடாது. காயிலின் முனையிலோ பிளக் வயரின் முனையிலோ ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதன் கிளிப்பை இன்ஜினின் சுத்தமான இரும்பில் கடித்துவிடுங்கள். எர்த் கொடுக்காமல் வயரைக் காற்றில் தொங்கவிட்டுச் செல்ஃப் அடிப்பதும், ஓடுகிற வண்டியில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பதும் பழைய பாயிண்ட் (காயில் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் உலோகத் தொடுமுனை) வண்டிப் பழக்கம். வெளியேற வழியில்லாத கரண்ட் காயிலையோ, அதை இயக்கும் இக்னைட்டரையோ எரித்துவிடும்.

பொறி நீலமாக, "டிக் டிக்" என்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மெலிந்து ஆரஞ்சாக இருந்தால் காயில் பலவீனம், அல்லது காயிலுக்கு வரும் வோல்ட் குறைவு. எல்லா சிலிண்டரிலும் பொறியே இல்லை என்றால் பிளக்கைக் கழற்றவே வேண்டாம். எல்லா பிளக்கும் ஒரே நாளில் சாகாது. சாவியை ஆனில் வைத்து காயில் சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், எலி என்று பின்னோக்கிப் போங்கள். வருகிறது, ஆனாலும் எதிலும் பொறி இல்லை என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சர் மேல் சந்தேகம். பல கார்களில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையாது. ஸ்கேனரில் பி0335 என்ற குறியீடு வரும். சென்சரை வாங்குவதற்கு முன் அதன் சாக்கெட்டைக் கழற்றி ஊதி மாட்டிப் பாருங்கள்.

நான்காவது: ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால்

ஐட்லிங்கில் ஸ்டீயரிங் நடுங்கும், பிக்கப் இருக்காது, சைலன்சரில் "புட் புட்" என்று விட்டுவிட்டு வரும். செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். அதன் விலைக்குப் பல காயில் வாங்கலாம்.

ஸ்கேனரில் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 வந்தால் எது என்று சொல்ல முடியாத மிஸ். ஒவ்வொரு பிளக் மேலும் தனிக் காயில் உள்ள காரில் ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை உண்டு. பி0301 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டுங்கள், இரண்டாவதை முதலில். ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 ஆக இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0301-ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வயர், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன். அங்கே மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

காயிலை உருவியதும் குழிக்குள் டார்ச் அடியுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடித்த வண்டியில் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். துணியைத் திரித்து உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்து, காற்றடித்துக் காயவைத்தால் போதும். ஆயில் தேங்கியிருந்தால் மேல் கவரின் பிளக் குழாய் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலின் ரப்பர் உறையும் ஊறி உப்பிவிடும்.

பிளக்கைக் கழற்றும்போது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் முறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வரும். கழற்றும் முன் குழியில் கிடக்கும் செம்மண் புழுதியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும்.

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்ல எரிப்பு. உலர்ந்த கரி மாதிரி இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது சூடாக விடாமல் அடிக்கடி ஸ்டார்ட் செய்து நிறுத்திய வண்டி. பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை. எண்ணெய்ப் பசையாக இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்பளம் விட்டிருந்தால் சூடு மிஞ்சியது. பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு நீளமாக ஓடினால், கரண்ட் முனைக்குப் போகாமல் வெளியே வழிந்திருக்கிறது. அந்த பிளக்கோடு அதன் மேல் மாட்டும் ரப்பர் உறையையும் மாற்றுங்கள்.

பிளக் முனையில் பொறி தாண்டும் இடைவெளி எவ்வளவு என்று காரின் கையேட்டில் இருக்கும். பழைய கார்புரேட்டர் கார்களில் 0.7–0.8 மி.மீ., புதியவற்றில் பெரும்பாலும் 1.0–1.1. பிளக் தேயத் தேய இந்த இடைவெளி கூடும். அதைத் தாண்டக் காயில் கூடுதல் வோல்ட் கொடுக்க வேண்டிவரும். ஒரு கட்டத்தில் கரண்ட் ரப்பரைத் துளைத்துச் சுலபமான வழியில் போய்விடும். புதுக் காயில் போட்டும் நிலைக்காத வண்டிகளில் பலவற்றில் உள்ளே கிடப்பது பழைய பிளக். இரிடியம் பிளக்கின் முனை ஊசி போல மெல்லியது, அதைக் கருவி வைத்து நெம்பாதீர்கள்.

மாட்டும்போது முதலில் கையாலேயே முழுக்கத் திருகுங்கள். கையில் இறுக்கமாக வந்தால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். வாஷர் உட்கார்ந்ததும் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக. ஏற்கெனவே போட்டிருந்த பிளக்குக்கு சின்ன இழுப்பு போதும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் பானா இருந்தால் 14 மி.மீ. மரைக்கு 25–30 நியூட்டன் மீட்டர்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகள்

அம்பாசடரும் பழைய மாருதி 800-ம் இன்னும் பல வளவுகளில் நிற்கின்றன. காயிலின் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியான கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பென்சிலால் கிறுக்கியது போல் கரிக்கோடு இருந்தால் அது விரிசல் வழியே கரண்ட் ஓடிய தடம். சுரண்டினால் சரியாகாது, கேப்பை மாற்றுங்கள். நடுவில் உள்ள கரிப் பொட்டு உள்ளே அமுங்கி வெளியே வரவேண்டும். பாயிண்ட் உள்ள அம்பாசடரில் இடைவெளி ஏறக்குறைய 0.4 மி.மீ. பாயிண்ட் முகம் கருகிக் குழிவிழுந்தால் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வயர் பழுதைப் பிடிக்க ஒரு ராத்திரிச் சோதனை: விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டு, செடிக்கு அடிக்கும் தெளிப்பானால் வயர்கள் மேல் பனிபோலத் தண்ணீர் தெளியுங்கள். தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். பழுதான வயரிலிருந்து நீலக் கீற்று இன்ஜினுக்குத் தாவும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். மொத்தமாகப் பிடுங்கினால் வரிசை தப்பும். சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை அம்பாசடருக்கு 1-3-4-2, மாருதி 800-க்கு 1-3-2.

பொறி நன்றாக இருந்தும் எடுக்காவிட்டால் பெட்ரோலைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை இழுக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "வாரம் ஒரு தடவை ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா" என்று சொல்வதுதான் பிளக்கைக் கரியாக்குகிறது. ஸ்டார்ட் செய்தால் திருமயம் வரை ஒரு நடை ஓட்டி வரச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், பாட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு ஷெட்டைப் பூட்டச் சொல்லுங்கள்.