போர்க்காலக் கடிதக் கட்டைப் பிரிக்கும் முன்

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைவீரர் ஒருவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பீரோவில் கிடைத்தால், அவசரப்பட்டு அடுக்கைக் கலைக்க வேண்டாம். இருக்கும் வரிசையைக் கைபேசியில் படமெடுத்துவிட்டுப் பிரியுங்கள். உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தணிக்கைக்கு அஞ்சி ஊர்ப் பெயரை எழுதியிருக்க மாட்டார். உறைமேல் இருக்கும் களத் தபால் நிலைய (படையோடு செல்லும் தபால் நிலையம்) முத்திரைதான் துப்பு. அதிலுள்ள எண் ஊருக்கானதல்ல, படையோடு இடம் மாறும். எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடம் பிடிபடும்.

துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று இழுத்தால் தாளும் கூடவே வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெதுவாக உருவுங்கள்.

எழுத்து பென்சில் போலத் தெரிந்து, ஆங்காங்கே ஊதா படிந்திருந்தால் அது காப்பியிங் பென்சில், அதாவது சாயம் கலந்த பென்சில். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் சாயம் பரவி வரியே போய்விடும். மடிப்பை நிமிர்த்த நீராவி காட்டுவது, ஈரத்துணியால் துடைப்பது எதுவும் கூடாது.

600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில், இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் மீட்பது மிகக் கடினம். பிவிசி பிளாஸ்டிக் உறையும் ஆகாது. அமிலமற்ற தாளுறையில் வைத்து, தேதியை அந்தத் தாளுறைமேல் சாதாரணப் பென்சிலால், கடிதத்தை உள்ளே வைக்கும் முன்பே எழுதுங்கள். ஈரச் சுவரை ஒட்டிய அலமாரி ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

மனைவி எழுதியவை பெரும்பாலும் களத்திலேயே தொலைந்திருக்கும். "நீ கேட்டிருந்தாயே" என்று அவர் தொடங்கும் வரிகளைத் தனியே குறித்தால், அவள் கேட்டதில் பாதியாவது தெரியும்.