நுஃமானின் ஒரு கவிதையைத் தரம் 11இல் படிப்பிப்பது

கல்முனையில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் கவிஞர், மொழியியலாளர், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தமிழ்ப் பேராசிரியர். வரலாறு இந்த அளவே போதும்; அதையும் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் பிள்ளைகள் குறிப்பெடுக்கத் தொடங்கி, கவிதையைக் கேட்க மாட்டார்கள்.

அவரது 'புத்தரின் படுகொலை' கவிதைக்கு அடுத்தடுத்து 2 பாடவேளை, அதாவது 80 நிமிடம் எடுங்கள். கொப்பிகளை மூடச் சொல்லி, நீங்களே இரண்டு தரம் உரக்க வாசியுங்கள். முதல் வாசிப்பு மெதுவாக, வரி முடியும் இடத்தில் நின்று நின்று. செய்தி வாசிப்பதுபோல ஓடினால் ஓசை செத்துவிடும். பிறகு 5 நிமிடம் பேசாமல் விடுங்கள். அந்த மௌனத்துக்குப் பயந்து பலர் உடனே விளக்கத் தொடங்குவதுதான் பாடம் கெடும் இடம்.

அடுத்து ஒரேயொரு கேள்வி: எரிந்தது எது? புத்தகம் என்பார்கள். புத்தரின் உடலும் பௌத்த நூலான தம்மபதமும் சேர்ந்து எரிவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகே 1981 யூன் 1 அதிகாலை, யாழ்ப்பாண நூலகம், எரிந்ததாகச் சொல்லப்படும் ஏறக்குறைய 97,000 நூல்கள் ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

'கவிஞர் கூறும் கருத்து யாது?' என்று கேட்காதீர்கள். மனப்பாட விடைதான் வரும். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் வகுப்பில் கடைசி 20 நிமிடம், தங்கள் ஊரில் அழிந்துபோன ஒரு பொருளைப் பற்றி 6 வரி எழுதச் சொல்லுங்கள். 'சோகம்', 'வேதனை' என்ற சொற்களுக்கு அனுமதியில்லை. பொருளின் பெயர், நிறம், இருந்த இடம் மட்டும்.