பென் டிரைவும் ஒரு சின்னப் பையும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தோட்டத்துக் கோயில் திருவிழா அறிவித்தலை அச்செடுக்க ஹட்டனில் ஒரு கடைக்குப் போனேன். கோப்பைத் திறந்தால் திரையில் தமிழே இல்லை. ‘அம்மன்’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, டி, இன்னோர் அரைப்புள்ளி என்று ஆங்கிலக் கிறுக்கல். கடைக்காரர்மீது பிழையில்லை. நான் தட்டியது பாமினியில். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போடும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். மழையில் திரும்பி வந்த அன்றுதான் கணினியையும் கைப்பையையும் சேர்த்தே ஒழுங்கு செய்தேன். கணினிக்குத் திறமூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்து, திருத்தி, பகிரக்கூடியது; பைக்கு அன்றாடம் தேவையானவை மட்டும். அந்தப் படிகள் இதோ.

முதல் படி, தேவையை எழுதுவது. இந்த வாரம் கணினியிலும் கைபேசியிலும் உண்மையில் செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் குறியுங்கள். பலருக்கு நான்கு வரிதான் வரும்: கடிதமும் கணக்கும், இணையம், காணொளி, வழி தேடுவது. இவற்றுக்கு லிப்ரே ஒபிஸ், ஃபயர்பொக்ஸ், விஎல்சி, ஓர்கானிக் மேப்ஸ் போதும். நான்கும் திறமூல மென்பொருள்கள்.

இரண்டாவது, சோதனை. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறமூலம் ஆகாது. ஜிபிஎல், எம்பிஎல், அப்பாச்சி போன்ற திறமூல உரிமத்தின் பெயர் இருக்கிறதா, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடப்பதைத் தொடாதீர்கள். அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

மூன்றாவதில் அவசரம் வேண்டாம். 2010இல் ஓப்பன் ஒபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஒபிஸை முதலில் நிறுவுங்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோட் விசைப்பலகையில் தட்டி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். முடித்ததும் ஃபைல் மெனுவில் பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். எந்தக் கடையிலும் தமிழ் தமிழாகவே வரும். பின்னால் திருத்துவதற்கு மூலக் கோப்பையும் பென் டிரைவில் வையுங்கள். நிறுவாமலே விண்டோஸில் இயங்கும் லிப்ரே ஒபிஸ் பதிப்பும் உண்டு. அதையும் அதிலேயே போட்டுவிடலாம்.

ஓர்கானிக் மேப்ஸில் வீட்டு வைஃபையிலேயே இலங்கை வரைபடத்தை இறக்கிவிடுங்கள். மலை மறைத்து சிக்னல் போனாலும் வழி காட்டும். தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதைகள் எல்லாம் அதில் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தைப் போடலாமா என்று கை துறுதுறுக்கும். இந்த மாதம் வேண்டாம். அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்டை இன்னொரு பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், கணினியில் எதையும் மாற்றாமல்.

கடைசியாகப் பை. அன்றாடப் பை பற்றிய காணொளிகளில் வரும் பளபளக்கும் கத்தியும் கருவிகளும் நமக்கு வீண் பாரம். ஒரு வாரம் வழக்கம்போல் எல்லாவற்றையும் சுமந்து திரியுங்கள். ஒருமுறைகூடத் தொடாததை ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துவிடுங்கள். என்னிடம் எஞ்சியவை: அடையாள அட்டை, பேனை, பென் டிரைவ், குட்டையான சார்ஜர் வயர், விரலளவு டோர்ச், அட்டை கடித்தால் தேய்க்க ஒரு துண்டு சவர்க்காரம். குடை கையில்.

இவற்றில் நனையக் கூடாதவற்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அதற்கு முன், உறைக்குள் வெறும் காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். காகிதம் ஈரமானால் வேறு உறை வாங்குங்கள்.