நெல்லையிலிருந்து ஆப்பிரிக்க ஆய்வு மாநாட்டுக்கு: எங்கே பேசுவது, யாரிடம் பணம் கேட்பது

பாளையங்கோட்டையில் வரலாறோ அரசியல் அறிவியலோ படிக்கிற பிள்ளைகளிடம் ஆப்பிரிக்க ஆய்வு என்று ஒரு துறை இருக்கிறது என்று சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "அதைப் படிச்சா நமக்கு யாரு அண்ணாச்சி துட்டு தருவா?" என்பதுதான். நியாயமான கேள்வி. தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பணம் யாருக்கு என்று பார்க்காமல், கண்ணில் படுகிற அறிவிப்புக்கெல்லாம் விண்ணப்பம் போட்டால் ஒரு வருடம் சும்மா ஓடிவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பணத்துக்கு முன்னால் தலைப்பு. நம் பக்கத்திலிருந்து போகிற கட்டுரைகளில் பெரும்பாலும் "இந்திய ஆப்பிரிக்க உறவுகள்: ஒரு பார்வை" என்கிற மாதிரித் தலைப்புதான் இருக்கும். டெல்லியில் இருந்துகொண்டு வெளியுறவுத் துறை ஆட்களைப் பார்த்துப் பேசி எழுதுகிறவர்களோடு அந்தத் தலைப்பில் நாம் போட்டி போட முடியாது, போட வேண்டிய தேவையும் இல்லை. நம் ஊரிலேயே கேள்விகள் கிடக்கின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற முந்திரிக் கொட்டை ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா என்று அங்கிருந்துதான் வருகிறது. அதை உடைக்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள், கொட்டையை உடைக்காமல் வெளியே அனுப்பக் கூடாது, இங்கேயே ஆலை வேண்டும் என்று பேசுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க, துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் போகக்கூடிய ஆளுக்கு இருக்கிற வசதி லண்டனில் இருக்கிறவருக்குக் கிடையாது. அப்புறம் ஒப்பந்தக் கூலிகள் வரலாறு. சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்கு 1911 வரைக்கும் போனவர்கள் 1,52,184 பேர். டர்பனில் காந்தி லுத்துலி ஆவண மையமும், மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிலையமும் இந்த மாதிரிப் பதிவேடுகளை வைத்திருக்கின்றன. ஆட்களின் ஊர்ப் பெயர், சாதிப் பெயர் எல்லாம் ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. அதைப் பார்த்து இது எந்த ஊர் என்று சொல்ல, ஊர்களின் பெயர் தெரிந்த தமிழ் ஆள் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இன்னொன்று இருக்கிறது, கட்டுரைச் சுருக்கம் எழுதுவது பற்றிச் சொல்லும்போது அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, எங்கே பேசுவது? எடுத்த எடுப்பில் ஐரோப்பாவைப் பார்க்க வேண்டாம். இந்திய வரலாற்றுப் பேரவை வழக்கமாக டிசம்பர் கடைசியில் கூடும், அதில் இந்தியா அல்லாத நாடுகளின் வரலாற்றுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதே இல்லை. உறுப்பினர் சந்தா கட்டி, கட்டுரை அனுப்பி, ரயிலில் போய்ப் பேசிவிட்டு வரலாம். தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையிலும் தென்னிந்திய வரலாற்றுப் பேரவையிலும் கடல் கடந்த தமிழர் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1955-இலிருந்து ஆப்பிரிக்க ஆய்வுத் துறை இருக்கிறது, அங்கே சுவாகிலி மொழியும் சொல்லித் தருகிறார்கள். மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1971-இல் தொடங்கிய மையம் இருக்கிறது, ஜேஎன்யூவிலும் தனி மையம் உண்டு. இந்திய ஆப்பிரிக்க ஆய்வுச் சங்கம் 2003-இல் ஆரம்பித்தது, 'ஆப்பிரிக்கா ரிவியூ' என்ற ஆய்விதழ் அவர்களுடையது. இந்த இடங்களில் நடக்கிற கருத்தரங்குகளில் ஒன்றிரண்டில் பேசியிருந்தால், பிறகு வெளிநாட்டு விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி இருக்கும். அதைவிட முக்கியம், கட்டுரையைக் கேட்டுவிட்டு "இந்த இடம் இடிக்குதே" என்று சொல்ல நாலு பேர் கிடைப்பார்கள்.

வெளிநாட்டில் மூன்று பெரிய கூட்டங்களை நினைவில் வைத்தால் போதும். அமெரிக்காவின் ஆப்பிரிக்க ஆய்வுச் சங்கம், 1957-இல் தொடங்கியது, வருடந்தோறும் நவம்பர் வாக்கில் கூடுகிறது. பிரிட்டனின் சங்கம் 1963-இலிருந்து இருக்கிறது, இரட்டைப்படை வருடங்களில் மாநாடு. ஐரோப்பிய ஆப்பிரிக்க ஆய்வு மாநாடு ஒற்றைப்படை வருடங்களில், 2023-இல் கொலோனில், 2025-இல் பிராகில். நன்றாகக் கவனியுங்கள்: ஐரோப்பிய மாநாடு மாதிரிக் கூட்டங்களில் முதலில் அமர்வுகளுக்கு, அதாவது ஒரே தலைப்பில் சிலர் சேர்ந்து பேசுகிற வட்டங்களுக்கு, அழைப்பு வரும், அமர்வுகள் முடிவான பிறகுதான் கட்டுரைகளுக்கு அழைப்பு. நீங்கள் பொதுவாக மாநாட்டுக்கு என்று எழுதி அனுப்புவதில்லை, ஏதோ ஒரு அமர்வுக்கு அனுப்புகிறீர்கள். ஆகவே நூற்றுக்கணக்கான அமர்வுத் தலைப்புகளையும் பொறுமையாகப் படித்து, உங்கள் கேள்வி எதில் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கட்டுரை அழைப்பு மாநாட்டுக்குப் பல மாதம் முன்னாலேயே முடிந்துவிடும்.

இனி, அந்த அமர்வுக்கு அனுப்புகிற கட்டுரைச் சுருக்கம். 250, 300 வார்த்தை. இதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "ஆப்பிரிக்கா பல வளங்கள் நிறைந்த கண்டம். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தொன்றுதொட்டு நெருங்கிய உறவு உண்டு" என்று தொடங்கினால் படிக்கிறவர் அடுத்த சுருக்கத்துக்குப் போய்விடுவார், அவர் மேசையில் இன்னும் முப்பது கிடக்கும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "சிஎம்எஸ் என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் முயற்சியால் 1864-இல் சாமுவேல் அஜய் கிரவுதர் என்ற யோருபா இனத்தவர் மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் பகுதிக்குப் பிஷப் ஆனார். அதே சங்கம் 1820-இலிருந்து வேலை செய்த திருநெல்வேலியில் 1877-இல் அதன் சார்பில் துணைப் பிஷப் நியமிக்கப்பட்டபோது எட்வர்ட் சார்ஜென்ட் என்ற ஐரோப்பியரே அந்த இடத்துக்கு வந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார், ஆனால் திருநெல்வேலிக்கு அல்ல, தெலுங்குப் பகுதியில் உள்ள தோர்ணக்கல்லுக்கு. ஏன்?" இதில் ஆப்பிரிக்காவும் இருக்கிறது, நம் ஊரும் இருக்கிறது, ஒரு கேள்வியும் இருக்கிறது. சுதேசத் திருச்சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தானே பரவ வேண்டும் என்று பேசிய ஹென்றி வென் 1841 முதல் 1872 வரை சிஎம்எஸ்ஸின் செயலர். திருநெல்வேலியைப் பற்றி அவர் நினைத்ததும் மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி நினைத்ததும் ஒரே மேசையில் எழுதப்பட்ட கடிதங்கள். அடுத்த மூன்று வாக்கியத்தில் எந்த ஆவணம் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சிஎம்எஸ் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. சங்கத்தின் பழைய ஆங்கில இதழ்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். திருநெல்வேலித் திருமண்டலத்தின் 'நற்போதகம்' பழைய இதழ்கள் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள், அதைத் தமிழ் தெரியாத வெளிநாட்டு ஆய்வாளர்கள் படிக்க முடியாது, நீங்கள் படிக்கலாம். கடைசியில் உங்கள் வாதம் என்ன என்று ஒரே வாக்கியத்தில். "ஆராயப்படும்" என்று முடிக்காமல், இதுதான் நான் சொல்லப்போவது என்று முடியுங்கள்.

ஆங்கிலம் தடுக்கிறது என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். முதலில் தமிழில், துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் நாலு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்துவிட்டால் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிவிடலாம், யாரும் அலங்காரம் கேட்கவில்லை.

இப்போது பணம். இதில் முதல் விஷயம்: ஆப்பிரிக்க ஆய்வு மாநாடுகளில் "பயண உதவி உண்டு" என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளில் வேலை செய்கிற ஆய்வாளர்களுக்கானது. செனகலின் டாக்காரில் 1973-இலிருந்து இயங்கும் கோடெஸ்ரியா என்ற சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தின் உதவிகளும் அடிப்படையில் ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்குத்தான். அது சரியானதும்கூட, தங்கள் கண்டத்தைப் பற்றிய பேச்சில் அவர்கள் இல்லாமல் போகக் கூடாது. நாம் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம். தகுதி விதியில் 'ஆப்பிரிக்காவில் பணிபுரிபவர்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் மூடிவிடுங்கள். அதேபோல ஐசிசிஆர் என்ற இந்தியக் கலாச்சார உறவுக் குழுவின் உதவித்தொகை என்பது பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர்கள் இங்கே வந்து படிக்க. அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நமக்கானது வேறு. வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படிக்க இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவிடம் (ஐசிஎஸ்எஸ்ஆர்) பயண உதவி கேட்கலாம், வரலாற்றுத் தலைப்பு என்றால் இந்திய வரலாற்று ஆய்வுக் குழுவிடம் (ஐசிஎச்ஆர்). இரண்டுமே ஏற்புக் கடிதம் கையில் இருந்தால்தான் நகரும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், ஆகவே ஏற்புக் கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். பிரிட்டனில் ஆவணக் காப்பகம் பார்க்க வேண்டும் என்றால் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை குறுகிய காலப் பயணத்துக்கு உதவுகிறது, மேலே சொன்ன பர்மிங்காம் மாதிரி வேலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். படிக்கவே போவதென்றால், லண்டனில் உள்ள சோவாஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வில் முதுகலை உண்டு, அங்கே இந்திய மாணவர்களுக்கு ஃபீலிக்ஸ் உதவித்தொகை இருக்கிறது. இரண்டு வருட வேலை அனுபவம் உள்ளவர்கள் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையைப் பார்க்கலாம். காமன்வெல்த் உதவித்தொகையும் உண்டு. ஜெர்மனியில் பேராயிட் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்க ஆய்வுக்குப் பேர்போன இடம், அங்கே வரும் முனைவர் பட்ட அறிவிப்புகளையும் டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பட்டியல் சாதி மாணவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 2022-இல் கொண்டுவந்த விதி, இந்தியப் பண்பாடு, இந்திய வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்குப் பணம் இல்லை என்றது. அந்த விதி எனக்கு இன்றுவரை உறுத்துகிறது, தன் சமூகத்தைப் பற்றிப் படிக்கப் போகிற பிள்ளையைத் தடுக்கிற விதி அது. ஆனால் ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வு அதற்குள் சிக்காது. தலைப்பை எழுதும்போது கவனமாக இருங்கள், அந்த வருட விதிமுறையை வரி விடாமல் படியுங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தையும் கூடவே பாருங்கள். இரண்டுக்கும் வருமானச் சான்று, சாதிச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டுவிட்டு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர்கிற நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே இருந்து ஆய்வு செய்ய யுஜிசியின் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை எடுப்பதுதான் நிம்மதியான வழி, 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய். பன்னாட்டு மற்றும் பகுதி ஆய்வுகள் என்று தனிப் பாடமே அதில் உண்டு.

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் வழக்கம் தெரியும்தானே, "நீயே எழுதிட்டு வாடே, கையெழுத்துப் போடுதேன்" என்பார் சார். வெளிநாட்டு விண்ணப்பத்தில் அது நடக்காது. கடிதம் கேட்டு அவருடைய மின்னஞ்சலுக்கே நேராகச் செய்தி வரும், அவர்தான் கடிதத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும், கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் நல்லது. நிறைய சார்மார் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை, சில நேரம் தேவையில்லாத கடிதங்களோடு சேர்ந்து கிடக்கும். அதனால் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே போய், உங்களைப் பற்றி ஒரு பக்கம் குறிப்பு கொடுங்கள்: எந்த வகுப்பில் என்ன கட்டுரை எழுதினீர்கள், எந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டீர்கள், இந்த உதவித்தொகை எதற்கு. கடிதம் அவர் எழுதட்டும், விவரம் உங்களுடையதாக இருக்கட்டும். "நல்ல ஒழுக்கமுள்ள மாணவி, கடின உழைப்பாளி" என்று மட்டும் வருகிற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஏற்றுகிற அன்று கூட உட்கார்ந்து உதவி செய்யுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

போலி மாநாடுகள் நிறைய நடமாடுகின்றன. பொறியியல், மருத்துவம், மானுடவியல் எல்லாம் ஒரே கூட்டத்தில். அனுப்பிய மறுநாளே "ஏற்றுக்கொண்டோம்" என்று பதில். கடிதத்தில் பாராட்டு அதிகம், கட்டுரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. உடனே டாலரில் கட்டணம். இவற்றில் இரண்டு பொருந்தினாலே விட்டுவிடுங்கள். உண்மையான சங்கத்துக்கு முந்தைய வருட நிகழ்ச்சி நிரல் இருக்கும், அதில் பேசியவர்கள் பெயரைத் தேடினால் அவர்கள் எழுதியது கிடைக்கும். உண்மையான இடத்தில் கட்டணம் அதிகமாகத் தெரிந்தால், மாணவர் சலுகை உண்டா என்று நாலு வரியில் எழுதிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஏற்புக் கடிதம் வந்ததும் பாஸ்போர்ட். திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரா இருக்கிறது, மதுரைக்கு ஓட வேண்டாம். மாநாடே ஆப்பிரிக்காவில் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பாருங்கள், அந்த நோய் உள்ள நாட்டுக்குப் போய்விட்டுச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போட முடியும், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும்.

போய்விட்டு வந்த பிறகு பணத்தைத் திரும்ப வாங்குவது ஒரு தனி வேலை. அரசு நிறுவனங்கள் பல செலவை முதலில் நம்மையே செய்யச் சொல்லி, பிறகுதான் தரும். விமான டிக்கெட், போர்டிங் பாஸ் துண்டு, கட்டண ரசீது, கட்டுரை படித்ததற்கான சான்றிதழ் நான்கையும் ஒரு உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸ் கொஞ்ச நாளில் எழுத்து மங்கிப்போகும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள்.