ஒற்றை அறை வீட்டிலும் ஓடியாடிப் பழகலாம்: பெற்றோருக்குத் துணைநிற்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் ஓடியாடும் விளையாட்டைப் பற்றிப் பேசப் புதிதாக முன்வரும் அங்கன்வாடிப் பணியாளர்கள், தன்னார்வலர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சென்னையின் தென்புறத்து மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்வரும் பெற்றோருடன் சேர்ந்து செய்து பார்த்து, நிலைத்து நின்ற முறைகளை மட்டுமே இங்கே தருகிறேன். குழந்தைக்கு விளையாட்டு ஏன் தேவை என்று நான் விளக்கப்போவதில்லை, ஏனெனில் அதை அறியாத தாயை நான் சந்தித்ததே இல்லை. அவர்களுக்கு இல்லாதவை இடம், நேரம், பொருள் ஆகிய மூன்றும், எதை எந்த வரிசையில் பழக்குவது என்று உடனிருந்து சொல்லும் ஒருவரும்தான்.

தொடங்குவதற்கு முன் ஓர் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் குறைந்தது 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் குதிப்புமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்த எண்களைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லாதீர்கள். விடியற்காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஒருவருக்கு 180 என்ற எண் குற்றச்சாட்டாகவே கேட்கும். மாறாக, ஏற்கெனவே நடப்பதை அவருடன் சேர்ந்து எண்ணுங்கள். இன்னும் பலர் பால்வாடி என்றே அழைக்கும் அங்கன்வாடிக்குக் குழந்தை நடந்து போய் வருவது, மாடிப்படி ஏறி இறங்குவது, அக்காவோடு கடைக்கு ஓடுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். எண்ணி முடித்தால், பெரும்பாலும் நேரம் பெரிய குறையாக இருக்காது. எறிதல், பிடித்தல், நொண்டுதல் போன்ற திறன்களுக்கு வாய்ப்பே இல்லாததுதான் குறையாக வெளிப்படும்.

இந்தத் திறன்கள் வயது ஏறுவதால் மட்டும் தாமாக வந்துவிடுவதில்லை. ஒருவர் செய்துகாட்டி, குழந்தை பலமுறை செய்து பார்த்து, ஊக்கப்படுத்தப்படும்போதே அவை முதிர்ச்சி அடைகின்றன. அமெரிக்காவில் வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்காக நடத்தப்படும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில், பெற்றோரையே பயிற்றுநர்களாக்கி எட்டு வாரங்கள் எறிதல், பிடித்தல் போன்றவற்றைப் பழக்கிய ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. அந்தக் குழந்தைகள் தெளிவான முன்னேற்றம் காட்டினார்கள். வேண்டியது விலையுயர்ந்த கருவியோ விளையாட்டு ஆசிரியரோ அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் படி: இடத்தையும் நேரத்தையும் அம்மாவே சொல்லட்டும்

நீங்கள் ஒரு கால அட்டவணையோடு போனால் அது சுவரில் ஒட்டப்படும், நடைமுறைக்கு வராது. "நாள் முழுக்க எந்த நேரத்துல பிள்ளை உங்க பக்கத்துல இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். "நான் வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆயிடுதுக்கா, அதுக்கு மேல எங்க விளையாட?" என்பதே பலரிடமிருந்து வரும் பதில். இந்தப் பதிலை மறுக்காமல், ஏழு மணிக்குப் பிறகு அவர் செய்யும் வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். உலை கொதிக்கும் நேரம், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நேரம், பாய் விரிக்கும் நேரம் என்று ஐந்து ஐந்து நிமிடங்களாக இடைவெளிகள் அவர் வாயிலிருந்தே வரும். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் தொடக்கத்துக்குப் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை அறையின் நடுப்பகுதி, கதவுக்கு வெளியேயுள்ள நடைக்கூடம், தெருவிளக்கின் கீழுள்ள வாசல் ஆகியவையே பெரும்பாலும் கிடைக்கும். அவரோடு சேர்ந்து நடந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, இருசக்கர வண்டிகள் திரும்பும் முனை, அடுப்பு எரியும் மூலை ஆகியவற்றுக்கு அருகில் எதையும் வைக்கக் கூடாது. கோடைக்காலத்தில் காலை எட்டு மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டுமே வெளியில் விளையாட வேண்டும்.

இரண்டாம் படி: பொருள்கள்

நான்கு பொருள்கள் போதும். தேங்காய் அளவில் ஒரு துணிப்பந்து, எலுமிச்சை அளவில் இரண்டு துணிப்பந்துகள், ஒரு சணல் கயிறு, ஒரு சாக்பீஸ். கடையில் விற்கும் நெகிழிப் பந்தைவிடத் துணிப்பந்தையே நான் வலியுறுத்துவேன். அது துள்ளி ஓடாது, முகத்தில் பட்டால் வலிக்காது, சாக்கடையில் விழுந்தால் துவைத்துக் காய வைக்கலாம். கந்தல் துணியை இறுக்கமாக உருட்டி, மேலே பழைய பனியன் துணியைச் சுற்றித் தைத்துவிட்டால் மாதக்கணக்கில் உழைக்கும். பலூன் பலருக்கும் உடனே நினைவுக்கு வரும். ஆனால் உடைந்த பலூன் துண்டு சிறு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதே இல்லை. கூழாங்கல், மணி, பொத்தான் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தலைச்சுமை தூக்குபவர்கள் வீட்டில் இருந்தால், சுமைக்கு அடியில் தலையில் வைக்கும் துணிச் சுருளான சும்மாடு மிக நல்ல கருவி. அதைத் தரையில் வைத்தால் குதித்து நிற்கும் வளையமாகும், தலையில் வைத்து நடந்தால் சமநிலைப் பயிற்சியாகும்.

அச்சிட்ட படங்களையும் கைப்பேசிக் காணொளிகளையும் நான் பயன்படுத்துவதில்லை. கைப்பேசியைக் கையில் எடுத்தவுடன் குழந்தையின் கவனம் அதில் போய்விடுகிறது, பிறகு அதைத் திரும்ப வாங்குவது தாய்க்குத் தனி வேலையாகிவிடுகிறது.

மூன்றாம் படி: ஓட்டம், குதிப்பு, சமநிலை

இவை எளிதில் வந்துவிடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்பீஸால் வளைந்த கோடு ஒன்றை வரைந்து அதன்மேல் நடக்கவிடுங்கள், பிறகு ஓடவிடுங்கள். கயிற்றைத் தரையில் போட்டுத் தாண்டவிடுங்கள். முழங்காலை மடக்கி, சத்தம் வராமல் இறங்கச் சொல்வதே போதுமான அறிவுரை. கண்ணாமூச்சி, கல்லா மண்ணா, தட்டாமாலை ஆகியவை பெற்றோருக்கே தெரிந்த விளையாட்டுகள். அவற்றைப் புதிதாகக் கற்பிக்காமல், அவர்கள் சிறு வயதில் ஆடியபடி ஆடச் சொல்லுங்கள். நொண்டுவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழக வேண்டும். நான்கு, ஐந்து வயதில்தான் பல குழந்தைகளுக்கு நொண்டுவது கைகூடும் என்பதால், மூன்று வயதுக் குழந்தையைப் பாண்டிக் கட்டத்தில் நொண்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இரண்டு கால்களாலும் கட்டத்துக்குக் கட்டம் குதித்தால் போதும்.

நான்காம் படி: பிடித்தலும் எறிதலும்

பெரும்பாலான வீடுகளில் எல்லாம் நின்றுபோவது இந்தப் படியில்தான். பந்தைத் தூக்கிப் போட்டவுடன் குழந்தை கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பந்து மார்பில் பட்டுக் கீழே விழும், மூன்றாம் முறை அம்மா "இதுக்கு வராது" என்று முடிவு செய்துவிடுவார். முகத்தைத் திருப்புவது திறமையின்மை அல்ல, அச்சத்தின் அடையாளம் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். எனவே பந்திலிருந்து தொடங்காமல், மெல்லிய துப்பட்டாத் துண்டு ஒன்றை மேலே வீசி, அது மெதுவாக இறங்கும்போது பிடிக்கவிடுங்கள். அது தடையின்றி வந்த பிறகு தேங்காய் அளவுப் பந்துக்குப் போகலாம். அம்மா முட்டிபோட்டு, குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்கி, ஒரே ஓர் எட்டுத் தொலைவிலிருந்து, நீட்டிய இரு கைகளுக்குள் பந்தை மெல்ல இட வேண்டும். சில நாட்கள் கழித்து ஓர் எட்டுப் பின்னால் போகலாம். மறுபடி முகம் திரும்பினால் மறுபடி முன்னால் வர வேண்டும், அல்லது துப்பட்டாவுக்கே திரும்ப வேண்டும். "பந்தைப் பாரு" என்று அதட்டுவதைவிட, பந்தின்மேல் சிவப்பு நூலால் ஒரு பூவை இறுக்கமாகத் தைத்துவிட்டு, "பூ எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போடுவது நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் குழந்தை பூவைத் தேடும்போது கண் தானாகவே பந்தைத் தொடர்கிறது.

எறிவதில் சிக்கல் வேறு. வலக்கையால் எறியும் குழந்தை முதலில் காலை அசைக்காமல் எறியும், பிறகு அதே பக்கத்து வலக்காலை முன்வைக்கும், நன்கு பழகிய பிறகே எதிர்ப்பக்க இடக்காலை முன்வைத்து உடலைத் திருப்பி எறியும். இதை வாயால் விளக்கினால் எந்தக் குழந்தைக்கும் புரியாது. தரையில் இடப்பாதத்தின் வடிவத்தைச் சாக்பீஸால் வரைந்து, "இந்தக் காலடியில மிதிச்சிட்டு எறி" என்று சொல்லுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு வலப்பாதத்தை வரைய வேண்டும். கையை மாற்றச் சொல்ல வேண்டாம். குறிபார்த்து எறியச் சொல்வதும் தொடக்கத்தில் வேண்டாம். குறி தவறக் கூடாது என்ற கவலையில் குழந்தை உடலை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் அசைக்கும். பலமாக எறியச் சொன்னால் காலும் இடுப்பும் தோளும் தாமாகச் சேர்ந்து வரும்.

அடுக்குமாடியில் சுவரில் எறிந்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்பது உண்மையான தடை. நடைக்கூடத்தின் கொடிக்கயிற்றில் பழைய சேலையைத் தொங்கவிட்டு அதன்மேல் எறியச் சொல்லுங்கள். சத்தமும் இல்லை, பந்தும் அப்படியே கீழே விழும், குழந்தையே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வரும். எனக்குத் தெரிந்த உத்திகளில் இதையே முதலிடத்தில் வைப்பேன்.

ஐந்தாம் படி: பந்து பெற்றோர் கையில் இருக்கட்டும்

நீங்கள் குழந்தையோடு விளையாட, அம்மா ஓரமாக நின்று பார்த்தால், நீங்கள் போன மறுநாளே விளையாட்டு நின்றுவிடும். முதல் நிமிடத்திலிருந்தே பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் குழந்தையின் பின்னால் நின்று கைகளை மட்டும் சரிசெய்யுங்கள். பலர் முன்னிலையில் ஓடவும் குதிக்கவும் சில பெண்கள் தயங்குவார்கள். அப்படிப்பட்டவர்களுடன் முதல் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு செய்வது அவர்களுடைய மரியாதையைக் காக்கும். பாராட்டையும் அவரே சொல்ல வேண்டும். "சூப்பர்" என்பதோடு நில்லாமல், "காலை முன்னாடி வெச்சு எறிஞ்ச பாத்தியா" என்று செய்த செயலைக் குறிப்பிட்டுச் சொன்னால் குழந்தை அதையே மறுபடி செய்யும். தந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வீட்டிலிருப்பார் என்றால், எறிதலை அவருக்கு ஒதுக்குங்கள். பையனுக்கு மட்டும் பந்து போடும் தந்தையிடம், பெண் குழந்தைக்கும் அதே எண்ணிக்கையில் போடும்படி தயங்காமல் கேளுங்கள். எறிதல், பிடித்தலில் பெண் குழந்தைகள் பின்தங்குவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பந்து அவர்கள் கைக்கே வராத வீடுகளைப் பார்த்த எனக்கு அதில் வியப்பில்லை.

பின்னர் சேர்த்தவை

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பாயைச் சுருட்டி அதன்மேல் ஏறி இறங்குவது, சொம்பில் தண்ணீர் சிந்தாமல் எடுத்துவருவது, பூனை, தவளை, நண்டு போல் அறையின் குறுக்கே போவது ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்தாலே மூச்சு வாங்கும்.

பகலில் பாட்டியே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். முழங்கால் வலியுள்ள பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே பந்தை உருட்டலாம், துப்பட்டாவை வீசலாம், எண்ணலாம். அதே கடிதத்தில் வந்த இன்னொரு எச்சரிக்கையும் முக்கியமானது. தாண்டுவதற்குத் துடைப்பத்தையோ முறத்தையோ வைத்தால் பெரியவர்கள் மனம் வருந்துவார்கள், அதன்பின் விளையாட்டுக்கே தடை வரும். கயிற்றையோ முறுக்கிய சேலையையோ மட்டும் வையுங்கள்.

குழந்தை மற்றவர்களைவிட விரைவில் களைத்துப்போனால், அதைச் சோம்பல் என்று கொள்ளாதீர்கள். கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். அடிக்கடி விழுதல், எப்போதும் நுனிக்காலில் நடத்தல், ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைச் செய்ய முடியாமல் போதல், தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளின்மேல் கைகளை ஊன்றி ஏறுவதுபோல் எழுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும் என்பது விதி. அடுத்த வருகை எப்போது என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி தொலைவில் இருந்தால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தர மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு நேரடியாகவே அழைத்துப் போகலாம். அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. முதல் முறை போகும் பெற்றோருடன் நீங்களும் போங்கள், ஒரு நாள் கூலியை இழந்து வருபவர் எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் திரும்பிவிடக் கூடாது.