இரு மொழிப் பிள்ளையின் பேச்சுப் பரிசோதனைக்குப் போகும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் மலையாளமும் வெளியே தமிழுமாக வளரும் பிள்ளைகள் நிறைய. இரு மொழியால் பேச்சு தாமதமாகாது. ஒன்றை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

முதலில் காது பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

ஒரு வாரம் நோட்டில் சொல் பட்டியல் போடுங்கள். பிள்ளை தானாகச் சொல்வதை மட்டும், சொல்லும் உச்சரிப்பிலேயே, எந்த மொழி, யாரிடம் என்று. தமிழில் 30, மலையாளத்தில் 25 என்றால் தனித்தனியே குறைவாகத் தோன்றும். சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு வயதில் சுமார் 50 சொல்லும், 'பால் தா' போன்ற இரு சொல் சேர்க்கையும் எதிர்பார்க்கலாம். டம்ளரைக் காட்டி 'வெள்ளம்' என்றால் பிழையில்லை, இங்கே தண்ணீருக்கு அதுதான் பேச்சு. வெளியூர் தெரபிஸ்ட் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

விளையாடும்போது ஒவ்வொரு மொழியிலும் 2 நிமிட வீடியோ எடுங்கள். 'மாமாவுக்குச் சொல்லு மக்களே' என்று கெஞ்சி எடுத்தது உதவாது.

மலையாளம் பேசும் பாட்டியையும் கூட்டிப் போங்கள். ஆனால் பிள்ளை திணறும்போது பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. அங்கேதான் பல பரிசோதனைகள் கெடுகின்றன. மொழிக் குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். நாகர்கோவிலில் தமிழில் மட்டும், திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் மட்டும் பார்த்து முடித்துவிட வாய்ப்புண்டு. அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே இரண்டு மொழியிலும் பார்க்கும்படி கேளுங்கள்.